நான் தப்பு என்று சொன்ன முகங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா வாயால் சொல்ல, உன் அண்ணன் கணினியில் அடிக்கும் கடிதம் இது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றித்தான் அடிக்கிறான். ஆனால் ஒன்றையும் விடுவதில்லை. இப்போது தும்மினேன், அதையும் போடவா என்று கேட்கிறான்.

ஞாயிறுதோறும் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முகத்துக்கு நேரே இதைச் சொல்ல என்னால் ஆகவில்லை. இரண்டு தடவை வாயெடுத்து, மழையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன்.

குளியலறைக் குழாய் ஒழுகியது, மாற்றியாகிவிட்டது. மூன்று மாடி ஏறுவதற்குள் இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன். அண்ணன் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கு ஒரு நாள் தவறாமல் போகிறான். அவன் மடிக்கிற படுக்கை விரிப்பில் விளிம்பு நூலளவும் பிசகாது. மேற்பார்வையாளருக்கு அவனைப் பற்றி ஒரே ஒரு குறைதான். 'பெரியவரே, உங்க பையன் என் மூஞ்சியப் பார்த்து மார்க் போடுறான். என் பொண்டாட்டிகூட இத்தனை வருஷத்துல என்னை இப்படி உத்துப் பார்த்ததில்ல' என்றார்.

எல்லாம் நீ சேர்த்துவிட்ட பயிற்சியின் வேலை. காலையில் வேலைக்குப் போகுமுன் நாற்பது நிமிடம் கணினி முன்னால் உட்காருவான். திரையில் ஒரு முகம் வரும். கீழே ஆறு பொத்தான்கள்: சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம். சரியானதை அமுக்க வேண்டும். நாற்பது முகத்துக்கு முதல் நாள் பதினொன்று வாங்கினான். பத்தாவது வாரம் முப்பத்தாறு. நோட்டில் எல்லாவற்றையும் விதி விதியாக எழுதி வைத்திருக்கிறான். பயம் என்றால் புருவம் மேலேறி உள்ளே நெருங்கும், கண்ணின் மேல் வெள்ளை தெரியும், உதடு இரண்டு பக்கமும் இழுபடும். எனக்கே படித்துக் காட்டினான்.

ஒரு நாள் நானும் உட்கார்ந்து பார்த்தேன். பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அவன் பொத்தான்களைப் படித்துச் சொல்ல, நான் பதில் சொன்னேன். இருபத்திரண்டு வந்தது. 'அப்பா, நீங்க ஆரம்பத்துலேர்ந்து பயிற்சி எடுக்கணும்' என்றான். முப்பத்தோரு வருஷம் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினவன் நான். ஒரு முகத்தோடு மேலே போய் வேறு முகத்தோடு கீழே வந்தவர்கள் எத்தனை பேர்! திரையில் இருப்பவர்கள் நடிகர்கள், பாப்பா. நிஜமாகக் கோபத்தில் இருக்கிறவன் லிஃப்டில் மாடி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். மேலே பெரிய இடி வாங்கி வருகிறவர், 'சாப்ட்டீங்களா' என்று என்னை விசாரித்துவிட்டு இறங்குவார். உன் அண்ணனுக்கு ஆறு வயதில் ஆட்டிசம் என்று சொன்ன டாக்டரின் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. ஒன்றுக்கு மூடி இல்லை. அன்றைக்கு நானும் கீழே வந்து யாரையோ 'சாப்ட்டீங்களா' என்றுதான் கேட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பயிற்சி டீச்சர், திரை மட்டும் போதாது, தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்து எழுதட்டும், வீட்டில் யாராவது திருத்துங்கள் என்று சொல்லியிருந்தார். திருத்த நான்தான் இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம், எனக்கு அப்புறம் பெரியவன் உன் வீட்டுக்குத்தான் வரணும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். 'அதுக்கென்னப்பா, தாராளமா' என்று சிரித்தாய். ஃபோனை வைத்ததும் நோட்டைக் காட்டினான். 'தங்கை. பயம்.' என்று இருந்தது.

'தப்புடா, அவ சிரிச்சா இல்ல?' என்றேன். பெருக்கல் குறி போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு நீயாகவே அறை தயார், ஜன்னல் பெரிது, வெளிச்சம் நன்றாக வரும் என்றெல்லாம் சொன்னாய். மறுபடியும் பயம் என்று எழுதினான். மறுபடியும் தப்பு என்றேன். மூன்றாவது முகம் என்னுடையது. ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தேன். கதவைத் திறந்தவன் என் முகத்தையே பார்த்தான். 'அப்பா. பயம்.' 'படி ஏறின களைப்புடா, இதுவும் தப்பு' என்றேன்.

முப்பத்தாறு வாங்கினவன் அந்த வாரம் இருபத்தொன்பது வாங்கினான். அதற்கடுத்த வாரம் பதினேழு. பயந்த முகம் வந்தால் விரல் பயத்துக்குப் போய், நின்று, திரும்பி, சந்தோஷத்தை அமுக்கும். டீச்சர் ஃபோன் செய்து, அவர் சரியாகச் சொன்னதை யாராவது தப்பு என்று சொன்னீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அந்தப் பொய்யையும் சேர்த்துக்கொள்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வெகுநேரம் கழித்து வந்தான். எங்கேடா போனே என்றேன். கண் பிரிவில் வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். 'கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லையாம்பா. அப்ப எனக்கு ஏன் எல்லாம் தப்பாத் தெரியுது?' என்றான். கணினியின் மேல் ஒரு விரிப்பை நாலாக மடித்துப் போர்த்தினான். நேற்றுவரை அதன் பக்கமே போகவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் அவனுக்குச் சோறு போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, வேலையும் வாங்கிக் கொடுத்தவன், அவன் கண்ணையே அவன் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் உட்கார வைத்துச் சொன்னேன். அந்த மூன்றும் சரிடா, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். நோட்டை எடுத்து வந்து, பெருக்கல் குறிகளை அடித்து, மூன்று டிக் போட்டான். ஏன்ப்பா மாத்திச் சொன்னீங்க என்றான். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இது அந்த ஆறுல இல்ல' என்றான்.

ஆகையால் உனக்கும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொன்ன மாதிரி என் வயிற்றில் இருப்பது வெறும் புண் இல்லை. அடுத்த வருஷத்துக்கு எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்று பெரிய டாக்டர் பக்குவமாகச் சொன்னார். இந்த இடத்தில் உன் அண்ணன் அடிப்பதை நிறுத்தினான். ஜன்னல் பக்கம் போய் நின்றான். வந்து உட்கார்ந்து, 'மேல சொல்லுங்கப்பா' என்கிறான்.

நீ பயந்தது தப்பில்லை, அம்மா. சின்னக் குழந்தை, வேலை, புது ஊர், மாப்பிள்ளை எத்தனைதான் நல்லவராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு வீடு. சில காலைகளில் எனக்கே அவனை நினைத்தால் பயம்தான். பயந்துகொண்டே கூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, முடியாது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரையும் லிஃப்டில் பார்த்திருக்கிறேன். யாரையும் கெட்டவர்கள் என்று நினைத்ததில்லை. இவனைப் போன்றவர்கள் ஏழு பேர் சேர்ந்து இருக்கிற வீடு ஒன்று சலவைப் பிரிவிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறது. கவனிக்க ஆள் உண்டு. மேற்பார்வையாளர் கூட்டிப்போய்க் காட்டினார். சுத்தமாக இருக்கிறது. ஒரு இடம் காலி. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வருகிற ஞாயிறு அவன் உன்னிடம் நேராகவே கேட்பான், இது பயமா என்று. சிரித்து மழுப்பாதே. ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டான், ஒரு டிக் போட்டுக்கொள்வான். வா என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி, உன் முகமும் வாயும் ஒன்றாக இருக்கட்டும். நான் இல்லாத இடத்தில் அவனுக்குத் திருத்திச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இதை அடிக்கும்போது இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எந்தப் பதில் சொன்னாலும் நீ என் பிள்ளைதான். குழந்தையோடு நீ நன்றாக இருக்க வேண்டும், பாப்பா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபோனை எடுக்காமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா