படகேறும்போது கேட்கக் கூடாதது

ஜூலை 9, புதன்

இன்றைக்கும் பழைய கண்டக்டர் இல்லை. புது ஆள். பெண்களுக்குக் காசு வாங்குவதில்லைதான், ஆனால் எங்கே இறங்குகிறோம் என்று வாயால் சொன்னால்தான் டிக்கெட்டைக் கிழிக்கிறார்கள். பழையவர் என்னைப் பார்த்ததும் "திண்டிவனம்" என்று அவரே சொல்லிக் கொடுத்துவிடுவார். இவர் "எங்கம்மா, எங்கம்மா" என்று தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சத்தம் வரவில்லை. பின் சீட்டு அக்காதான், "திண்டிவனங்க. தெனம் வர்ற பொண்ணு. பேசாது" என்றாள்.

பேசாது. மாட்டைச் சொல்வதுபோல.

ஆபீஸ் மாடிப்படி ஏறினபிறகுதான் மூச்சு சீரானது. கீழே விதைக்கடை, மல்லாட்டை விதை மூட்டைகளின் வாசனை மேலே வரைக்கும் வரும். மேலே ‘அலைநாடு’. ஃபோனில் விளையாடும் ஒரு கடற்கரை நாடு. அதில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு உருவம். உப்பு வாரலாம், வலை பின்னலாம், படகு கட்டலாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே கரையில் நின்று பேசிக்கொள்ளலாம். அவர்கள் செய்கிறார்கள், நான் விளையாடிப் பார்த்துத் தப்புகளை எழுதித் தருகிறேன். எழுதினால் போதும். இங்கே யாரும் என்னை வாய் திறக்கச் சொல்வதில்லை. பதினோராம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள், சத்தம் நின்றுபோனது, சிரித்தார்கள், "இளவரசி வாயைத் திறக்க மாட்டாங்களா" என்றார் டீச்சர். அதோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

கம்பெனியை நடத்தும் சுதாகர் சார் இன்று எல்லோரையும் கூப்பிட்டு, முழு வெளியீடு மறுபடியும் தள்ளிப்போகிறது என்றார். இது மூன்றாவது தடவை.

ஜூலை 14, திங்கள்

இன்னும் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். அவர்கள் நாற்காலிகளைச் சுவர் ஓரமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

ஜூலை 23, புதன்

பணம் போட்டிருப்பது பெங்களூர்க்காரர்கள். போன வருஷம் கடலில் பறக்கும் பாம்பு வேண்டும் என்றார்களாம். பரிமளா அக்கா மாசக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தாள். இப்போது பாம்பு வேண்டாமாம், துப்பாக்கி வேண்டுமாம்.

"உப்பளத்துல துப்பாக்கி வச்சிக்கினு இன்னா சார் பண்றது? உப்பையா சுடறது?" என்றாள் அக்கா.

"சிரிக்காதம்மா. நெஜமாவே நிறுத்திடுவேன்றானுங்க" என்றார் சுதாகர் சார்.

அக்கா கண்டமங்கலத்து விவசாயக் குடும்பம். சர்வர் வேலையை இப்போது அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள், ஆனால் கை டீ டம்ளரைத் தேடி இரண்டு தடவை தப்பாக மேசையைத் தொட்டது. நிறுத்திவிட்டால்? அம்மா ஏற்கெனவே இறால் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அங்கே ஒவ்வொருத்தியாகப் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஏற வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்றுதான் அலைநாட்டில் படகுகளைக் கடலில் விட்டார்கள், இப்போதைக்கு எங்களுக்கு மட்டும். விளையாட்டில் என் ஆளின் பெயர் மாறன். அண்ணன் மணிமாறனின் ஃபோனில்தான் நான் முதலில் விளையாட ஆரம்பித்தேன், அதனால் அவன் பெயரில் பாதி. போன வருஷத்திலிருந்து மாறனை வளர்த்திருக்கிறேன். வலை அவனுடையது, படகு அவனுடையது. துறையில் புதுசாக ஒரு படகோட்டியை வைத்திருக்கிறார்கள், திரையில் வந்த பெட்டியில் ஏதோ கேட்டார், மூடிவிட்டு ஏறினேன். காற்று நன்றாக இருந்தது. முகத்துவாரம் தாண்டும் இடத்தில் தண்ணீர் கறுப்பானது. படகு இருந்தது. மாறன் இல்லை.

வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். "அப்படி ஒருவர் இல்லை" என்று வந்தது.

அந்த நேரத்தில் அண்ணன் நிஜக் கடலில், மீன்பிடிக்கப் போயிருந்தான். ஃபோன் அடித்தேன் — நான் யாருக்கும் அடிக்கமாட்டேன் — சிக்னல் இல்லை. இது வெறும் விளையாட்டுதானே. தெரியுது. தெரிஞ்சும் ஏன் மறுபடி மறுபடி அடிக்கறேன்? மத்தியானம் கரைக்கு வந்துவிட்டான் என்று அம்மா சொன்னபிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்கியது.

ஆகஸ்ட் 6, புதன்

தப்பை எழுதிக் கொடுத்தேன்: படகில் ஏறினேன், முகத்துவாரம் தாண்டினேன், ஆள் இல்லை.

அக்கா ஏறினாள். தாண்டினாள். திரும்பி வந்தாள். மூன்று தடவை. "எனக்கு வரலியே இளா. உன் ஃபோனு பழசு, அதான்." பெங்களூரிலிருந்தும் ஏறிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புது ஃபோன் கொடுத்தார்கள். புதுசாக ஒரு ஆள் செய்தேன், வேறு பெயரில். ஏறினேன். இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

என் கையில் மட்டும் போகிறது. எத்தனை பேரை அனுப்பினேனோ அத்தனை பேரும் போய்விட்டார்கள். ஒரு நாள் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தபோது பயத்தில் என்ன செய்வதென்றே தெரியாமல் திரையில் வந்ததையெல்லாம் தொட்டேன். அன்றைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். சுதாகர் சார் கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னது கேட்டது: "அந்தப் பொண்ணு ஏதோ பண்ணிக்கினு பேஜாரு பண்ணுது. அதையே புடிச்சிக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது."

நான் என்ன பண்றேன்? எனக்கே தெரியலியே.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அண்ணன் நாளைக்குப் போகிறான். போகாதே என்று சொல்லலாமா? ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது — ஃபோனில் உன் பெயரில் ஒருத்தன் காணாமல் போகிறான் என்றா?

செப்டம்பர் 13, சனி

நாளைக்குப் பத்து மணிக்கு வெள்ளோட்டம். பெங்களூர்க்காரர்கள் ஆபீஸுக்கே வந்து பார்க்கப் போகிறார்கள். படகு ஓடினால் கம்பெனி இருக்கும், இல்லையென்றால் இல்லை என்று சுதாகர் சார் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விளையாடப் பேர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் கரைப் பையன்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் ஒவ்வொரு குப்பத்திலும் படகு ஓடாத சோதனைப் பதிப்பை ஏற்கெனவே விளையாடுகிறார்கள். நாங்கள் வீட்டிலிருந்தே ஃபோனில் உள்ளே வர வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் நடந்தது முதலில்.

அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் பின்னாலேயே மணல் வரைக்கும் போனேன். சென்னைப் பக்கத்திலிருந்து காரில் வந்த ஒருவர், கேமராவும் கையுமாக, நல்ல மனுஷன்தான், சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணா, எங்க போறீங்க?"

அண்ணன் நின்றான். பதில் சொல்லவில்லை. வலையை இறக்கி மணலில் வைத்துவிட்டுத் திரும்பி வீட்டுக்கு நடந்தான். உட்கார்ந்தான். அம்மா ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "வந்துட்டானுங்க வாய வச்சிக்கினு" என்று வாசலைப் பார்த்து முணுமுணுத்தாள். குடித்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி கிளம்பினான். கடலுக்குப் போகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததுகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டி. படகோட்டி கேட்கும் பெட்டி. "எங்கே போகிறீர்கள்?" — அதுதான் அதில் எழுதியிருக்கிறது. கீழே நாலு ஊர் பெயர். எல்லோரும் ஒரு ஊரைத் தொட்டுவிட்டு ஏறுகிறார்கள். நான் பெட்டியை மூடிவிட்டு ஏறுகிறேன். ஒவ்வொரு தடவையும். மூடுகிறோமே என்று ஒரு தடவைகூட நினைக்காமல். எழுதிக் கொடுத்த தப்பில்கூட அதை நான் எழுதவில்லை, கண் சிமிட்டினதை யாராவது எழுதுவார்களா?

எங்கள் கரைப் பையன்கள் எல்லோரும் மூடுவார்கள்.

அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். பார்க்கவில்லை. மறுபடி. பார்க்கவில்லை. ஒன்பதரை தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் போய் நின்று ஃபோன் அடித்தேன். எடுத்துவிட்டாள்.

"யாரு? இளாவா? ஜல்தி சொல்லு, அவங்கல்லாம் வந்து ஒக்காந்துட்டாங்க."

என் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது.

"பொட்டி" என்றேன்.

"இன்னா பொட்டி?"

"எங்க போறீங்கன்னு கேக்கற பொட்டிக்கா. அதுக்கு நாங்க பதில் சொல்ல மாட்டோம். மூடிட்டு ஏறுவோம். அதான்... அதான் ஆளு பூடறான்."

"பதில் சொல்லாம ஏன் மூடுவீங்க?"

"கடலுக்குப் போறவங்கள அப்படிக் கேக்கக் கூடாதுக்கா."

"கேக்கக் கூடாதுதான். எங்க ஊர்லயும் வயலுக்குப் போறவன கேக்க மாட்டாங்க. ஆனா கேட்டுட்டா திட்டிக்கினே பதில் சொல்லிட்டுப் போவான்." விசைகளைத் தட்டும் சத்தம். பெட்டியை மூடிவிட்டு அவளே ஏறிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "பூட்டான்" என்றாள் மெதுவாக. "இளா, ஆளு பூட்டான். போற எடமே இல்லாத படகுல ஏறினவன எங்க வைக்கறதுன்னு சர்வருக்குத் தெரியல. அழிச்சிடுது."

சரிபண்ண முடியுமா என்று கேட்டேன். புதுசாக அனுப்பினால் எல்லோருடைய ஃபோனுக்கும் போய்ச்சேர இரண்டு நாளாகும் என்றாள்.

"நான் துறைய மூடிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

வெள்ளோட்டத்தைப் பார்த்தேன். கரை முழுக்க ஆட்கள். படகுகள் வரிசையாக. ஒன்றும் நகரவில்லை. "புயல் எச்சரிக்கையா?" என்று ஒரு பையன் எழுதினான். "தடைக்காலம்டா" என்றான் இன்னொருத்தன். எல்லோரும் உட்கார்ந்து வலை பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தனும் வெளியே போகவில்லை. ஒருத்தனும் காணாமலும் போகவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

"கடல் விளையாட்டுல படகு ஓடல. பெங்களூர்க்காரன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? யாரக் கேட்டு மூடுனது?" என்றார் சுதாகர் சார்.

"நாந்தான் சார் மூடினேன்" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் சொன்னது நான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

நேற்று நான் ஃபோன் அடிக்காமல் இருந்திருந்தால் படகு ஓடியிருக்கும். பாதிப் பேர் போயிருப்பார்கள், அதற்குள் பெங்களூர்க்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டிருப்பார்களோ? இதையே யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. அந்தப் பையன்கள் ஒவ்வொருத்தனும் ஒரு மாறனை வளர்த்திருப்பான். அதுவும் தெரிகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

நிறுத்திவிட்டார்கள். மெயிலை சுதாகர் சார் நின்றுகொண்டே படித்தார், கடைசி வரியைப் படிக்காமல் உட்கார்ந்தார். மாதக் கடைசியில் சர்வரை அணைக்க வேண்டுமாம். "அஞ்சு வருஷம்" என்றார். அவரை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. வேன்காரரிடம் கேட்டு வைப்பதாகச் சொன்னாள். அதுவே போதுமாக இருந்தது பயப்பட.

அக்டோபர் 31, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு அணைக்கிறார்கள். நான் வீட்டில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் மாறன் நின்றிருந்தான். பழைய பதிவிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறாள் அக்கா. என்னிடம் சொல்லவே இல்லை. அதே வலை. துறையில் படகோட்டியும் இருந்தார். கிட்டே போக எனக்கு இன்னும் பயம். அவர் எதுவும் கேட்கவில்லை. "ஏறுங்க" என்றார், அவ்வளவுதான். பெட்டியே இல்லை.

எல்லோரும் ஏறினார்கள். அத்தனை படகும் ஒன்றாகக் கிளம்பியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முகத்துவாரம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கறுக்கவில்லை. தாண்டிவிட்டோம். மாறன் படகிலேயே இருந்தான். அப்புறம் திரை "இணைப்பு இல்லை" என்றது.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மீன்குழம்பில் சோறு பிசைந்துகொண்டிருந்தான். "இன்னா ஆச்சி, கரைக்கு வந்தானா?" என்றான்.

"இன்னும் போய்க்கினு இருக்கான்" என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

பரிமளா அக்கா விழுப்புரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடும் ஆப். தப்பு பார்க்க ஆள் வேண்டும் என்று போன வாரம் கூப்பிட்டாள். "எழுதிக் குடுத்தா மட்டும் பத்தாது. நடந்தத வாயாலயும் சொல்லணும், எனக்குப் புரியற வரைக்கும்" என்றாள். ஆனாலும் வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

காலையில் அம்மா வாசலில் நின்றாள். எங்கே, எப்போது வருவாய், ஒன்றும் கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். வர்றேன் என்றேன்.

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். கூட்டம். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கண்டக்டர் வந்து குனிந்தார்.

"எங்கம்மா போவணும்?"

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன்.

"கேக்கலம்மா. சத்தமா."

மறுபடி சொன்னேன்.