கீழத்தெருக் குடிநீர்க் குழாயில் பாயும் மின்சாரம்

அனுப்புநர்:
ஜீவிதா பகலவன்,
பள்ளி ஆசிரியை,
கீழத்தெரு, மேலவாய்க்கால்பேட்டை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
மேலவாய்க்கால்பேட்டை.

பொருள்: குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தியதால் தண்ணீர் வரத்து குறைந்திருப்பது, குழாயில் மின்சாரம் பாய்வது – உயிர்ச்சேதம் நேரும் முன் அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் மேற்கண்ட முகவரியில் என் தாயார் கண்ணாத்தாள், மகள் மீனா ஆகியோருடன் வசிக்கிறேன். கணவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். முடக்குவாதத்தால் தாயாரின் விரல்கள் மடங்கிவிட்டன. நான் பள்ளிக்குப் போன பிறகு அவர் அந்தக் கைகளோடு பாத்திரம் தேய்ப்பதைப் பொறுக்க முடியாமல் ஒரு டிஷ்வாஷர் வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, இயந்திரத்துக்கு ஆகாது. எனவே பேரூராட்சிக் குழாயிலிருந்தே அதற்கு இணைப்புக் கொடுத்தோம்.

2. தீபாவளி கழிந்ததிலிருந்து அதில் தண்ணீர் நிரம்பத் தாமதமானது. சில நாள் மெதுவாக ஏறும். சில நாள் பாதியிலேயே நின்று, தண்ணீர் இல்லை என்று கத்தும். குழாயை முழுவதும் திறந்து வைத்தேன். ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று இயந்திரத்தை முன்னால் இழுத்துப் பார்த்தேன். ஹோஸின் வாயிலுள்ள சிறு வலையைக் கழற்றி, படிந்திருந்த வண்டலைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். எதற்கும் பலனில்லை.

3. பழுது பார்க்க ராம்கி என்பவர் வந்தார். ஹோஸைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நேரே வாளியில் பிடித்தார். நன்றாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர், பக்கத்து வீட்டு மோட்டார் உறுமத் தொடங்கியதும் நூலாக இளைத்தது. "மிஷின்ல கோளாறு இல்லைங்க டீச்சர். யாரோ லைன்லயே மோட்டார் போட்டு உறிஞ்சுறாங்க" என்று சொல்லிக்கொண்டே குழாயை மூடக் கை வைத்தவர், அலறிக்கொண்டு பின்னால் சுவரில் போய் மோதினார்.

மெயின் சுவிட்சை அணைத்தேன். வீட்டில் எங்குமே கரண்ட் இல்லை. ஆனால் அவர் குழாயில் வைத்த டெஸ்டர் எரிந்தது. பக்கத்து மோட்டார் நின்ற பிறகுதான் அது அணைந்தது. அப்போதுதான் என் தாயார், "குழாயத் தொட்டா எனக்கும் சுரீர்னுதான் இழுக்கும். நோவுதான் அப்படிப் பண்ணுதுன்னு இருந்துட்டேன்" என்றார். அவரை அடுக்களையிலிருந்து வெளியே அழைத்து வந்தேன்.

4. பக்கத்து வீட்டுக்காரர் மருதையன் அவர்கள் மாடியில் வாடகைக்கு அறைகள் கட்டியுள்ளார். அந்த அறைகளுக்குத் தண்ணீர் ஏற்ற, வாசலில் பள்ளம் தோண்டி, தெருவின் இரும்புக் குழாயோடு மோட்டாரை இணைத்து, பலகை போட்டு மூடியிருக்கிறார். டேப் சுற்றிய ஒயர் ஈர மண்ணில் கிடக்கிறது. நேரில் போய்ச் சொன்னேன். "இத்தன நாளா ஓடுது, யாருக்கு என்ன ஆச்சு? உங்க மிஷினுக்குத் தண்ணி பத்தலன்னா இப்படி ஒரு கதையா?" என்றார். தெருவில் மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பாத்திரம் கழுவ மிஷின் வைத்திருப்பவள் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. அவருடைய மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. அதே குழாயில்தான் அந்தப் பெண்ணும் துணி அலசுகிறாள்.

5. சென்ற வாரம் மழை விட்டிருந்த காலையில், தெருமுனைப் பொதுக்குழாயடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பெண்கள் குடங்களோடு காத்திருந்தனர். பக்கிரி என்பவரின் ஆடு போய்க் குழாயை நக்கியது. நான்கு காலும் விறைத்துச் சாய்ந்தது. அதைத் தூக்க ஓடிய பக்கிரியின் தோள்துண்டை நான் பிடித்து இழுத்தேன். "தொடாதீங்க! கரண்டு!" என்று கத்தினேன். துண்டு என் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, அவர் நின்றுவிட்டார். மோட்டார் ஓய்ந்த பிறகு ஆட்டைத் தூக்கினோம்; உயிரில்லை. மின்வாரிய ஊழியர்கள் வருவதற்குள் பள்ளத்திலிருந்து மோட்டார் எடுக்கப்பட்டுவிட்டது. அவர்கள் போன மறுநாளே உறுமல் திரும்பவும் கேட்டது.

6. அன்றே டிஷ்வாஷர் இணைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டேன். தண்ணீர் விடும் நேரத்தில் மகளை அடுக்களைப் பக்கமே விடுவதில்லை. ஆனால் தெருவுக்கு வேறு குடிநீர் கிடையாது. என் தாயார் ரப்பர் செருப்போடு தெருமுனையில் நின்று, மோட்டார் சத்தம் கேட்டதும் எல்லோரையும் விலகச் சொல்கிறார். மழை ஓசையில் அந்தச் சத்தம் கேட்பதில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது வாசலில் யாராவது வந்து நின்றாலே, வீட்டிலிருந்து ஏதோ சேதி என்று பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

7. மருதையன் அவர்கள் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. என் தாயாரை அக்கா என்று அழைப்பவர். அவர் வீட்டாரும் சேர்ந்து பிழைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விசாரணை பிறகு நடக்கட்டும். முதலில் கீழத்தெருவுக்குக் குழாயில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, லாரியில் குடிநீர் அனுப்பி, மின்வாரியத்தாருடன் வந்து அந்த மோட்டாரை அகற்றித் தருமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் பார்வையிட வரும்போது, தயவுசெய்து அந்தக் குழாயில் கை வைத்துவிடாதீர்கள், அம்மா.

இடம்: மேலவாய்க்கால்பேட்டை
நாள்: 18.11.2024

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
ஜீவிதா பகலவன்