வியாழக்கிழமைக் குலவை

சங்கரன்கோவில்,
8-1-1954, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

கோமதித்தாய் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எருமை கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நேற்று ரேடியோவில் அரை மணி நேரமும் இருமினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

கார்த்திகைக்கு வந்தபோது கள்ளியடிக்குளத்து ஜனங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள்? பண்ணையார் கண்மாய் மடையை அடைத்துத் தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுகிறார், எங்கள் கீழ்வயல் காய்கிறது என்று அவர்கள் அழுதபோது, "மார்கழி கடைசி வியாழன், கிராம நிகழ்ச்சியில நானே பேசுதேன். கலெக்டர் காதுக்குப் போயிரும்" என்றீர்கள்.

அதை நம்பி நேற்று அந்த ஊரே திரண்டு வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் உட்கார இடமில்லை. அங்கே ரேடியோவைத் திருப்பி வைக்கிற ஆவுடையப்பன், "இம்புட்டுக் கூட்டம் தேருக்குத்தான் வரும்" என்று சிரித்தான். ஒலிபெருக்கிக் குழாய்க்கு மாலை போட்டார்கள். உங்கள் குரல் வந்ததோ இல்லையோ, பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். அது அடங்கியபோது நீங்கள் மாட்டெருவை மட்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அட கண்றாவியே! கடைசி வரைக்கும் எருக்குழிதான்.

கூட்டம் ஏசும் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தேவலை. வயல் காய்ந்துகொண்டிருக்கும் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி மொதல்லயே சொல்லியிருப்பாவ மதினி. நாங்கதான் கூறுகெட்டதனமா குலவை போட்டுக் கெடுத்துட்டோம்" என்றாள். எல்லாரும் அதையே சொல்லி, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே போனார்கள். கலெக்டர் ஜீப் வரும் என்று இன்று காலையிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நீங்கள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மனசுக்கு ஒவ்வாததை வாசிக்கும்போதுதான் உங்களுக்குத் தொண்டை கரகரக்கும். கல்யாணமான நாள் முதல் பார்க்கிறேனே. பேச்சியிடம் சொல்ல வாய் வரை வந்தது. உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

மேலதிகாரி அந்த வரியை அடித்துவிட்டார், தாளில் இருப்பதைத்தான் வாசிக்க முடியும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்ல வேண்டும் என்று பதில் எழுதுவீர்கள். கதிர் வரப் பொதி கட்டி நிற்கிற பயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருக்குமா? பத்திரிகையில் இருந்தபோது இதே பண்ணையாரைப் பற்றி எவ்வளவு காரமாக எழுதினீர்கள்! போலீஸ் வந்து அடுக்களைப் பானை சட்டியைக்கூட உருட்டிப் பார்த்தது. அன்றைக்கும் உங்கள் தொண்டை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதையெல்லாம் படித்தது யார்? வாசகசாலையில் நாலு வக்கீல் குமாஸ்தாக்கள். பேச்சிக்கு எழுத்து தெரியாது. பத்திரிகையை மூடிய பிறகு ரேடியோ வேலை கிடைத்தபோது, இனிமேல் படிக்காத ஜனங்களுக்கும் கேட்கும் என்று துள்ளிக் குதித்தீர்கள். நானும்தான் குதித்தேன். இப்போது கேட்கிறது. எருக்குழி தோண்டப் பேச்சிக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டுமா?

அடுத்த வியாழன் தைப் பொங்கல். லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். உங்களுக்குப் பிடிக்கும் என்று சிறுகிழங்கு வாங்கி வைத்திருக்கிறேன், அது கிடக்கட்டும். அன்றைக்கு நிகழ்ச்சியில் பொங்கல் வாழ்த்துச் சொல்லச் சொல்வார்கள் அல்லவா, அதற்கு நடுவில் மடை அடைத்த சேதியை ஒரே ஒரு வரி சொல்லிவிடுங்கள். தாளில் இல்லாவிட்டால் என்ன, வாயில் வருமே. வேலை போனால் போகட்டும். பத்திரிகையை மூடிய பிறகு நாம் சாப்பிடாமலா இருந்தோம்? எருமையும் கறக்கிறது.

கள்ளியடிக்குளத்தார் பொங்கலன்றும் வருகிறார்களாம். இந்தத் தடவை குலவை போடமாட்டார்களாம். வாயைப் பொத்திக்கொண்டு முதல் வார்த்தையிலிருந்து கேட்பார்களாம். நானும் அவர்களோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தை உங்களுக்குச் சுக்குப்பொடி அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை இருமாமல் பேசுங்கள், அத்தான்.

உங்கள்
கோமதித்தாய்