நீக்கப்படாத பெயர்

நேற்று பள்ளிக்கூடச் சுவரில் புது வாக்காளர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். பசை வாசனை இன்னும் போகவில்லை. என் பெயரைத் தேடிய விரல் அடுத்த கட்டத்தில் நின்றது. உமது படம். அச்சில் கன்னமும் காதும் கறுத்துப்போயிருக்கின்றன; கண் மட்டும் தெளிவாக இருக்கிறது. நீர் போய்ச்சேர்ந்த பிறகு நகராட்சித் தேர்தல் முடிந்து, சட்டமன்றத் தேர்தல் வரப்போகிறது. பட்டியலில் நீர் இன்னும் என் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறீர்.

ஓட்டுச் சட்டம் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தேர்தல் விதிப் புத்தகத்தைப் பழைய கடையில் வாங்கி நாமே படித்தோம். அந்தக் காலத்தில் ஒருமுறை நீர் வாக்குச்சாவடிக்குப் போனபோது, உமது ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டுப் போயிருந்தான். நான் விதியைச் சொல்லிச் சண்டை போட்டு உமக்கு டெண்டர் ஓட்டு என்கிற தனித் தாள் ஓட்டு வாங்கித் தந்தேன். நீர் முத்திரை குத்திய தாளை உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். கோர்ட் கேட்டாலொழிய அந்த உறையை யாரும் பிரிக்கவும் மாட்டார்கள், எண்ணவும் மாட்டார்கள் என்று திரும்பும் வழியில்தான் சொன்னேன். ராஜபாளையம் ரோடு முக்கில் நீர் நின்று என் பக்கம் திரும்பினீர்.

"அப்ப என் ஓட்டு உள்ளயே மூச்சடைச்சுக் கெடக்குமா வே?"

"கெடக்கும்."

"நல்லா சண்டை போட்டீரு, போதும். நான் செத்தா மொத வேலையா என் பேரை எடுத்துரும். எவனும் நானா வந்து நிக்கக் கூடாது."

சரி என்றேன். செய்யவில்லை.

உமது காரியம் முடிந்த வாரம், வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருக்கும் அங்கன்வாடிப் பெண் பெயர் நீக்கும் படிவத்தோடு வந்தாள். "வீடு பூட்டிக் கெடக்கு தாத்தா. பக்கத்து வீட்டுக்காரர் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றாள். இறப்புச் சான்று கொடுத்ததே அரசாங்கம், அதற்குத் தெரியாததா என் கையெழுத்தில் தெரியப்போகிறது என்று திருப்பி அனுப்பினேன். சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வார்டாகப் பிரித்து நகராட்சித் தேர்தலுக்கும் எடுப்பார்கள். ஒன்றில் விட்டால் இரண்டிலும் நிற்கும். தெரிந்துதான் மறுத்தேன். நான் கேட்டது நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

நகராட்சித் தேர்தல் அன்று ஒரு சுயேச்சைக்கு ஏஜென்டாக உட்கார்ந்திருந்தேன். கூட்டம் இல்லாத மத்தியானம். வாக்குப்பதிவு அலுவலர் வரிசை எண்ணை வாசித்தார். பிறகு உமது பெயர், உமது அப்பா பெயர். ஏஜென்டுகள் காதில் விழத்தான் அப்படி உரக்க வாசிப்பது. ஆள் அவரில்லை என்றால் அப்போதே ஆட்சேபிக்க வேண்டும்.

"ம்" என்றது ஒரு குரல். தொண்டையைத் தாண்டாத உமது "ம்".

நான் தலை தூக்கவில்லை. தூக்கினால் வேறு முகம் இருக்கும். ஊரில் எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. கொஞ்சம் கழித்துப் பார்த்தபோது, ஓட்டுப் போடும் அட்டை மறைப்புக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு கால்கள் தெரிந்தன. இயந்திரம் நீளமாகக் கத்தி ஓய்ந்தது.

பக்கத்திலிருந்த ஏஜென்ட் குனிந்து, "என்ன அண்ணாச்சி, போனவுக வந்துட்டுப் போறாவ, ஒரு வணக்கம் வைக்கக் கூடாதா?" என்றான்.

"நீ ஏம்ல வாயத் தொறக்கல?"

"எங்க கட்சி ஓட்டுல்லா அது!"

ஜெயித்தவன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். அந்த ஓட்டு எதையும் மாற்றவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

இன்று காலை அந்தப் பெண்ணைத் தேடிப்போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். "இறப்புச் சான்று நகல் இல்லல்லா தாத்தா, அதனால அவரு பேருக்கே நோட்டீஸ் வரும். கதவுல ஒட்டுவோம். ஏழு நாளுக்குள்ள அவரு பதில் சொல்லலாம்" என்றாள்.

"செத்தவரா?"

"பட்டியல்ல உசிரோடதானே இருக்காரு."

உமது பூட்டிய வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்த "ம்" என் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை. ஏழு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். பதில் வந்தால், அது நீராகவே இருந்தாலும், இந்த முறை ஆட்சேபணை சொல்வேன் வே.