இந்த நவம்பரில் கப்பலை விட்டு இறங்கு

டுலூத்,
நவம்பர் 12

அன்புள்ள வெய்னுக்கு,

ஹைடி எழுதுவது. இங்கே நானும் கெல்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. நீ கிளீவ்லாந்தில் இரும்புத் தாதுவை இறக்கிவிட்டு டுலூத் பக்கம் திரும்பும்போது, டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகுக்காரர்கள் இதை நீங்கள் கயிற்றில் கட்டி இறக்கும் வாளியில் போட்டுவிடுவார்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய்.

கெல்சிக்குப் பல் கம்பி எடுத்தாகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று ஓயாமல் இளித்துக்கொண்டிருக்கிறாள். பனி தள்ளும் இயந்திரம் கிளம்பமாட்டேன் என்றது, ஓர் உதை விட்டேன், கிளம்பியது.

செவ்வாய்க்கிழமைப் புயலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் அந்த வரைபடத்தில், உன் கப்பலின் புள்ளி மத்தியானம் மறைந்துபோனது. நான் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெரியவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்து காத்திருக்கிறார், நான் கரண்டியைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்க்கிறேன். ஏரி தெரியவில்லை, காற்றின் சத்தம் மட்டும்தான். இருட்டும் நேரத்தில் புள்ளி மறுபடி வந்தது. கரையோரம் ஒதுங்கி நங்கூரம் போட்டிருந்தீர்களாம். சிக்னல் போயிருக்கும், அதற்கு இவ்வளவா என்பாய். எனக்கும் தெரியும். தெரிந்தும் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். பயந்துபோனேன், வெய்ன்.

வழக்கமாக நவம்பரில் நீ வீட்டில் இருப்பாய். நான் நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்பதற்காக, அந்த வெளிமாநில ஆன்லைன் கல்லூரியின் கட்டணத்துக்காக, உன் விடுப்பை விட்டுக்கொடுத்து ஜனவரி வரை கப்பலிலேயே இருக்கிறேன் என்றாய். பனி உறைந்த டெக்கில் நீ நடப்பது என் படிப்புக்காக. அன்றைக்கு முழுவதும் இதுதான் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தலைமை நர்ஸ் லொரெய்ன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கல்லூரிப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "அங்கீகாரம் இருக்குன்னு யாரு சொன்னா?" என்றாள். விளம்பரத்தில் அரசாங்க முத்திரை மாதிரி ஒரு கழுகு இருக்கிறதே என்றேன். "கழுகை யாரு வேணா போட்டுக்கலாம். நம்ம மாநில நர்சிங் போர்டு ஒத்துக்கிட்ட லிஸ்ட்ல பேரு இருக்கா? அதைப் பார்த்தியா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. ஒரு வெந்நீர்ப் பாத்திரம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற நீ, அந்தக் கழுகைப் பார்த்ததும் மயங்கிவிட்டாய்.

மறுநாள் போர்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத் தேடிப் பார்த்து, "இல்லைம்மா, இந்தப் பேரே எங்ககிட்ட இல்லை. அங்க படிச்சுட்டு வந்தா இங்க லைசென்ஸ் பரீட்சை எழுதவே முடியாது" என்றார். நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கல்லூரியிலிருந்து தினமும் கூப்பிடுவாளே ஸ்டெஃபனி, அவளிடம் இதைக் கேட்டேன். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம் ஹைடி கண்ணு, இன்னிக்கே முடிச்சுடு, நாளைக்கு சீட் இருக்காது" என்றாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நம் மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டிருக்கிறேன். பட்டியலில் பெயர் இருப்பதை நானே பார்த்தேன், லொரெய்னையும் பார்க்க வைத்தேன். பாடம் வீட்டில் கணினியில், செய்முறைப் பயிற்சி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. இங்கே குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு, அரசு உதவியும் கிடைக்குமாம். என் சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். நுழைவுத் தேர்வில் கணக்கு வருமாம், அதுதான் பயம். நாற்பத்து மூன்று வயதில் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் மகளிடம் போய் நிற்கிறேன். "அம்மா, நீ சீரியஸா கேக்கறியா?" என்கிறாள். பயந்தபடியே படித்துக்கொள்வேன், அந்தப் பயத்தை என்னால் தாங்க முடியும்.

நீ கோபப்படப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கேட்காமல், உனக்கு மாற்றாகக் கப்பல் ஏறும் கேரியிடம் பேசிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "எனக்கும் வேலை வேணும்தான். வெய்ன் வாயைத் திறந்து கேப்டன்கிட்ட கேக்கட்டும், கம்பெனியும் சரின்னா டுலூத்ல பையோட வந்து நிக்கறேன்" என்றார். மீதி உன் கையில்தான் இருக்கிறது. சொன்ன சொல்லை மாற்ற நீ கூச்சப்படுவாய் என்று எனக்குத் தெரியும். எந்தக் கட்டணத்துக்காக அந்தச் சொல்லைக் கொடுத்தாயோ, அந்தக் கட்டணமே இப்போது இல்லை.

வெய்ன், கேள். தயவுசெய்து கேள். பொண்டாட்டிக்குப் பயந்து பாதியில் இறங்கிவிட்டான் என்று கப்பலில் கிண்டல் செய்வார்கள். வசந்தகாலம் வரைக்கும் செய்வார்கள். செய்யட்டும். அதையெல்லாம் கேட்டுக் காது புளித்துப்போக நீ இருக்க வேண்டும்.

கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாய் ஓரத்தில் நானும் கெல்சியும் நிற்போம்.

உன் வரவுக்காகக் கடவுளை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கும்
ஹைடி