தாக்கம் பூஜ்யம்

நாள் 212, 07:10

கலிஸ்டோ நிலவு, பனியடிச் சோதனைத் தளம். எழுதுபவர் வில்லவராயன், கருவிப் பொறியாளர். எல்லாம் சீர்.

பின்னால் படிப்பவருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. வேலை இல்லாத எலும்பு மெலிகிறது. அதற்கு வைத்தியம் குதிப்பது. அதனால்தான் சுரங்கத்தின் அடியில் பனித்தளம் அமைத்துச் சறுக்கு நடனம் பழக்குகிறோம்.

ஈர்ப்பு குறைவுதானே, அடி படாது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரு பந்தை மேலே எறியுங்கள். கையை விட்டுப் போன வேகத்திலேயே கைக்குத் திரும்பும். இங்கே தாமதமாகத் திரும்பும், அவ்வளவுதான். குதித்தவரும் அப்படித்தான். அந்த வேகம் முழுவதும் ஒற்றைக் காலில், மெலிந்த எலும்பில் இறங்குகிறது.

நான் வடிவமைத்த காலணியில் கணுக்கால் மடங்கும், குதிகால் அமுங்கும். அடிப்பகுதியில் உள்ள சென்சார் ஒவ்வொரு தாக்கத்தையும் அளக்கும். அடுத்த முறை அது குறையும்படி கணுக்கால் மோட்டாரைக் காலணியே திருத்திக்கொள்ளும். ஒரு காலணி கற்ற பாடம், பக்கத்தில் வரும் காலணிகளுக்கும் போய்ச் சேரும். மணிக்கட்டு முறிவதைத் தடுக்கக் கையுறையிலும் இதே ஏற்பாடு.

நாள் 214, 11:30

தாக்கம் பாதியாகக் குறைந்தது. குதித்துப் பார்ப்பவள் பியூலா; நீர்ப் பொறியாளர், தூத்துக்குடிப் பெண், முன்பு போட்டிகளில் ஆடியவள். பனித்தளத்திலிருந்து பேசினாள்:

"அண்ணாச்சி, மெத்தையில எறங்குன மாதிரி இருக்கு. இத மாட்டிவிட்டா எங்க மாமியாரு கூட குதிச்சிருவா."

இங்கே நாங்கள் இருவர்தான்; அவள் சுரங்கத்தின் அடியில், நான் மேலே. மற்றவர்கள் தலைமைத் தளத்தில். வண்டியில் ஒன்பது மணி நேரம். சுரங்கத்தில் இறங்கும் லிஃப்ட் பனி இறுகி நின்றுவிட்டதால் ஏணிதான் வழி.

நாள் 217, 16:05

பியூலா இரண்டு முறை விழுந்தாள். ஆனால் அளவுகள் இதுவரை இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கின்றன. புரியவில்லை.

"கடைசி நேரத்துல கணுக்காலு மடங்குது அண்ணாச்சி. தடுப்புக் கம்பியப் புடிக்கப் போனா கையுறை வெரலத் தெறந்து விட்டுருது."

களைப்பாக இருக்கும், ஓய்வெடு என்றேன்.

"களைப்பு எனக்கா, ஒங்க பூட்ஸுக்கா? அதயே கேளுங்க."

நாள் 218, 10:20

விபத்து. இறங்கும்போது கணுக்கால் தானாகத் திரும்பியது. இடுப்பு அடிபட விழுந்தாள்.

"அண்ணாச்சி... இடுப்பு போச்சு. எந்திரிக்கப் பாத்தேன், மறுபடியும் தள்ளி விட்டுருச்சு. பிளேடு தொடையக் கிழிச்சிருக்கு. ரத்தம் நிக்கல."

தலைமைத் தளத்திலிருந்து மருத்துவர் ஆவுடையப்பன்:

"இப்பவே கெளம்புறோம். ஆனா நாங்க வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு தாங்காதுய்யா. நீங்க எறங்கிக் கட்டுப் போடுங்க."

நாள் 218, 10:34

காரணம் தெரிந்துவிட்டது. தவறு என்னுடையது.

தேர்வில் தவறுகளை மட்டும் எண்ணினால், எதுவும் எழுதாத வெற்றுத்தாள்தான் முதலிடம் பெறும். நான் காலணிக்கு வைத்த தேர்வு அதுதான். சென்சார் பாதத்துக்கு அடியில் மட்டும் இருக்கிறது. இடுப்பில் விழுந்தால் பாதத்தில் தாக்கம் பூஜ்யம். ஆகவே காலணி கண்டுபிடித்த மிக மென்மையான தரையிறக்கம், அவளைத் தள்ளிவிடுவது.

அவள் நேற்று சொன்னாள். நான் கேட்கவில்லை.

நாள் 218, 10:48

சுரங்கக் குளிருக்குக் காப்புடை போட்டே ஆக வேண்டும். எல்லோருடைய காப்புடையிலும் இதே காலணியும் கையுறையும் ஒட்டியே இருக்கும். என் காலணியில் பாடத்தை அழித்துவிட்டேன். பயனில்லை, அவள் பக்கத்தில் போனதும் அவள் காலணி மறுபடியும் கற்றுக்கொடுத்துவிடும். பாடத்தைப் பகிரும் அலைக்கருவியை அடிப்பகுதிக்குள் வைத்து வார்த்தவனே நான்தான். பிரித்தெடுக்க நேரமில்லை.

ஒரு வழி இருக்கிறது. இங்கே என் எடை ஒரு பள்ளிக்கூடப் பை அளவுதான். கால் படாமல், கையால் மட்டும் தொங்கிக்கொண்டு ஏணியில் இறங்கலாம். மருத்துவருக்கும் இதையே சொல்லிவிட்டேன்: ஏணியில் காலை வைக்காதீர்கள், கையை நம்புங்கள்.

அவருடைய பதில்: "சரி. அப்படியே எறங்குறோம்."

இனிமேல் குரல்பதிவு. சுரங்கத்துக்குள்ளிருந்து தலைமைத் தளத்துக்கு அலை எட்டாது.

நாள் 218, 11:02, குரல்பதிவு

பாதி தாண்டிவிட்டேன். கீழே பார்க்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

"வராதீங்க அண்ணாச்சி. இந்தச் சனியன் ஒங்களையும் தள்ளிரும்."

காலே படாமல் வருகிறேன் என்றேன்.

"கொரங்கு மாதிரியா?"

சிரிக்கிறாள். குரல் மெலிந்துவிட்டது.

காலணியில் பச்சை விளக்கு. பாடம் வந்துவிட்டது. கணுக்கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. இழுக்கட்டும். தள்ளிவிட அவற்றுக்குப் படி கிடைக்காது.

நாள் 218, 11:06, குரல்பதிவு

மணிக்கட்டிலும் பச்சை விளக்கு.

கையுறை. தடுப்புக் கம்பி. அவள் சொன்னாள், விரலைத் திறந்து விடுகிறது என்று. காலணியில் அழித்தேன், கையுறையில் அழிக்கவில்லை. அழித்திருந்தாலும்...

சுண்டுவிரல் திறந்துவிட்டது. மடக்குகிறேன், மோட்டார் வலுவாக இருக்கிறது. முழங்கையைப் படியில் மாட்டப் பார்த்தேன், காப்புடை அவ்வளவு மடங்காது.

படிப்பவரே, உள்ளங்கையில் எப்போது தாக்கம் பூஜ்யம்? எதையும் பிடிக்காதபோது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கையை நம்பச் சொன்னேன். அவரிடம் யாராவது... பியூலா, கட்டுத்துணிப் பை என் இடுப்பில்தான் இருக்கிறது, நான் வந்து விழுந்ததும் ஊர்ந்து வந்து நீயே...

"அண்ணாச்சி?"

இடது கை...

"அண்ணாச்சி!"

நாள் 218, 11:07, தானியங்கிப் பதிவு

வலது கையுறை: தாக்கம் பூஜ்யம். இடது கையுறை: தாக்கம் பூஜ்யம். இதுவரை கிடைத்ததில் சிறந்த அளவு. பாடம் சேமிக்கப்பட்டது.

நாள் 218, 19:31, தானியங்கிப் பதிவு

சுரங்க ஏணியில் மூன்று புதிய சோடிக் கையுறைகள் இணைந்தன. பாடம் பகிரப்பட்டது.