அவன் எழும்பினானா என்று கேட்டீர்களே

என் அன்பு அப்பா,

அந்த ரெக்கார்டு கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கச்சல் தீவிலிருந்து டாக்டரிடம் கண் காட்ட வந்தபோது, போர்ட் பிளேரில் பழைய ரெக்கார்டு விற்கும் கடைக்கு உங்களைக் கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் ஒரு ப்ளூஸ் இசைத்தட்டை ஓடவிட்டார். அமெரிக்கக் கறுப்பினக் கூலிக்காரர் ஒருவர் பாடினார். நான் உங்கள் காதில் தமிழில் சொன்னேன்: "வேலைக்கு மணியடிக்குது, எனக்கு எழும்ப முடியலங்கிறான்ப்பா."

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "லயம் கேளுங்க பெரியவரே. என்ன லயம்!"

"எந்தத் தோட்டத்து லயமுங்க?" என்றீர்கள். "எங்களது பத்துக் காம்பரா லயம்."

கடையே சிரித்தது. அவருக்கு லயம் என்றால் தாளம். உங்களுக்கு, இலங்கைத் தேயிலை மலையில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று ஒற்றை அறையில் கூலிகளை அடைத்துவைத்த வரிசை வீடு; நீங்கள் பிறந்த இடம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? "வாங்குற ஆளுக்குத்தான் போடணும்" என்று அவர் முள்ளைத் தூக்கிவிட்டார். வாங்க வந்தவன்தான் நான். அடுத்த வாரம் போனபோது, வேறு யாருக்கோ விற்றாகிவிட்டது என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு போனிலும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "அவன் எழும்புனானாடா?"

போன ஞாயிறு, மாற்றலாகிப் போகும் அதிகாரி ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வருகிறார்கள், மூன்று வருடம் இருக்கிறார்கள், கட்டில் பீரோவை நம் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறுகிறார்கள். மாடிப்படிக்கு அடியில், பூஞ்சை பிடித்த பெட்டியில், வேறு ஆங்கிலப் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே அதே தட்டு இருந்தது.

"நேட்டிவ் எங்க தம்பி?" என்றார் அதிகாரி.

"கச்சல் சார்."

"அது இல்லப்பா, மெயின்லேண்ட்ல?"

"அவ்ளோதான் சார்."

இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து நம் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டு, நம் பங்கைக் கச்சல் ரப்பர் தோட்டத்தில் இறக்கிய கதையை அவரிடம் எங்கே ஆரம்பிப்பது? அவர் மனைவி, "கூலரைக் காசுக்கு எடுத்துக்கோ, பாட்டுப் பெட்டி ஃப்ரீ" என்றார். பெட்டியும் ஓடாத கூலருமாக, சிப்பிகாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர், "அரே பாய், இதுக்கும் டிக்கெட் எடு" என்றான்.

வீட்டில் தட்டைத் துடைத்துப் போட்டேன். கீறல் இருக்கிறது, முள் தாண்டவில்லை. இப்போது என்னோடு இருக்கும் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அவன் எழும்பவில்லை, அப்பா.

மணி அடிக்கிறது, கங்காணி கதவை உதைக்கிறான். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறக்காமல் முனகுகிறான். பாட்டு முடிகிற வரைக்கும் வெறும் முனகல்தான்.

அம்மாவுக்குச் சொன்னேன். "கொழுப்பப் பாரு. அன்னைக்கு அரைநாள் வேலைன்னு அரைப்பேருகூட விழாதே, கூலிக்கு என்ன செய்வான்?" என்றார். உரித்த வெங்காயத்தைக் கழுவி வைத்துவிட்டு, "இன்னொருக்கா போடு" என்றார்.

காய்ச்சலோடும் விடியுமுன் ரப்பர் வெட்டப் போனீர்களே. ஒரு நாளாவது படுத்துக்கிடக்கத் தோன்றியதா? தோன்றியதால்தான் அப்படிக் கேட்டீர்களா?

அடுத்த கப்பலில் டிக்கெட் கிடைத்தால் தட்டையும் அதை ஓட்டும் பிளேயரையும் எடுத்துக்கொண்டு கச்சலுக்கு வருகிறேன். உங்களைப் புதைத்த இடத்தில், வேலைக்கு மணியடிக்கும் நேரமாகப் பார்த்து, இதை முழுசாகப் போடுவேன். நீங்கள் எழும்ப வேண்டாம். படுத்தபடியே கேளுங்கள்.

உங்கள் இளைய மகன்,
குமார்